நாலு மணிக்குள்ள சேர வேண்டிய தாள்

சாவிக்காரி நல்லவளான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்லணும். வாய் நீளம். பரீட்சை ஆபீசுல பதினஞ்சு வருசமா கூட்டிப் பெருக்கி, கதவைத் திறந்து பூட்டி, தாளைத் தூக்கிட்டு மேஜைக்கு மேஜை நடந்தவ. இடுப்புல சாவிக்கொத்து. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு கை சொல்லும். எழுத்துதான் அவளுக்கு ஒண்ணும் சொல்லாது. கைநாட்டு.

பெரிய ஹால்ல, மூணாவது வரிசை ஜன்னலோரத்துல அவ மகன் உக்காந்திருப்பான். செத்து ஆறு வருசம் ஆச்சு. பதினேழு வயசுல அந்த இடத்துலதான் பரீட்சை எழுதினான். கண்ணெல்லாம் மஞ்சளாப் போய் நிக்கக்கூட முடியாதவனை, "இன்னைக்கு எழுதலைன்னா ஒரு வருசம் போயிடும்டா, எந்திரி"ன்னு இவதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா. பாதி எழுதினதும் மேஜைல தலையைச் சாய்ச்சான். பதினோராம் நாள் போயிட்டான்.

அதுலேர்ந்து இவ பெருக்கப் போறப்பெல்லாம் அதே மாதிரி தலை சாய்ச்சுக் கிடப்பான். பெத்தவளுக்கு என்ன பயம்? அவன் காலுகிட்ட விளக்குமாத்தை ஒதுக்கிப் பெருக்கிட்டுப் போவா. மூஞ்சியை மட்டும் ஒரு நாளும் காட்டினதில்ல. யார்கிட்டயும் சொன்னதும் இல்ல. சொன்னா கிறுக்குன்னு சாவியைப் பிடுங்கிடுவானுங்க.

ஒரு நாள் ரெண்டு மணி இருக்கும். கிளார்க் சாப்பிடப் போயிருந்தான். லாரி டிரைவர் ஒருத்தன் வேர்க்க விறுவிறுக்க வந்து ஒரு கவரை நீட்டினான்.

"அக்கா, இதை நாலு மணிக்குள்ள சேத்துடணும். இன்னைக்குத்தான் கடைசி."

"எல்லாருக்கும் கடைசி நாள்தான் ஆபீசுக்கு வழி தெரியுது. என்னது?"

"எம்பொண்ணுக்கு வலது கை உடைஞ்சிருச்சு. மாவுக்கட்டு. இடது கையாலதான் எழுதணும். ஒரு மணி நேரம் கூடக் கேட்டிருக்கோம். டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் உள்ள இருக்கு."

"கேட்டா குடுத்துடுவாங்களாக்கும். மாமியார் வீடு பாரு."

"குடுப்பாங்கக்கா. கை கால் முடியாதவங்க, கண்ணு தெரியாதவங்க, உடம்புக்கு வந்தவங்க, எல்லாருக்கும் உண்டு. எந்திரிக்கவே முடியலைன்னா வேற தேதி போட்டுக் குடுப்பாங்களாம். கவருக்குள்ள இருக்கே, இந்தப் பச்சைத் தாள்ல எழுதிக் கேக்கணும், அவ்வளவுதான்."

"மஞ்சக்காமாலைக்கு?"

"அதுக்குந்தான்."

லாரியைக் குறுக்கே நிறுத்திட்டு வந்திருக்கேன்னு சொல்லி, கும்பிட்டுட்டு ஓடிட்டான்.

பச்சைத் தாள். தாள் வாங்குற ஜன்னல்லேர்ந்து ஆபீசர் மேஜைக்கு எத்தனை நூறு சுமந்திருப்பா! மகன் படுத்துக் கிடந்த வாரமும் சுமந்தா, மழைல நனையாம மாரோட அணைச்சு. என்ன தாளுன்னு ஒருத்தனும் சொல்லல. இவளும் கேக்கல. "உனக்கெதுக்கு அது"ம்பானுங்கன்னு ரோஷம்.

ஊரான் பொண்ணுக்கு ஒரு மணி நேரம், எம்புள்ளைக்கு ஒரு தேதி இல்லையா? கவரைக் கொண்டுபோய் விளக்குமாறு வைக்கிற அலமாரில, பினாயில் டப்பாவுக்குப் பின்னால சொருகிப் பூட்டினா. பொறாமைன்னா கூடத் தேவலை. அது அதைவிடக் கெட்ட ஒண்ணு.

"யாராச்சும் வந்தாங்களாக்கா?"ன்னான் கிளார்க், ஏப்பம் விட்டுக்கிட்டே.

"நாய்கூட வரல."

நாலாகப் பத்து நிமிசம் இருக்கறப்ப ஹாலைப் பெருக்கப் போனா. அவன் இருந்தான். "உனக்கும் குடுத்திருப்பாங்களாம்டா"ன்னா. அவன்கிட்ட அவ பேசினது அதுதான் முதல் தடவை.

அவன் தலையைத் தூக்கினான். ஆறு வருசமா பாக்கத் தவிச்ச மூஞ்சி. கண்ணு அதே மஞ்சள். கோவம் இல்ல, அழுகை இல்ல. வலது கை மடில கிடக்கு. இடது கையால மேஜை மேல பேனாவைத் தேடுறான். தடவித் தடவித் தேடுறான். கிடைக்கல.

விளக்குமாத்தைப் போட்டுட்டு ஓடினா. அலமாரிக்கு எந்தச் சாவின்னு கைக்கு மறந்துபோச்சு. ஒவ்வொண்ணா நுழைச்சுப் பாத்து, கவரை எடுத்துக்கிட்டு கிளார்க் முன்னால நிக்கிறப்ப மணி நாலேகால்.

"நேரம் முடிஞ்சுதுக்கா. அடுத்த வருசம் வரச் சொல்லு."

"அடுத்த வருசத்துக்குள்ள கை கூடிடும்டா, மடையா. அந்தாளு ரெண்டு மணிக்கே குடுத்துட்டுப் போனான்."

"நாய்கூட வரலைன்னே?"

"பொய். நான்தான் வாங்கி ஒளிச்சு வச்சேன்."

அவன் பேனாவைக் கீழ வச்சான். "அந்தப் பொண்ணு உனக்குச் சொந்தமா? யாருக்கோசரமோ உன் தலைல நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிறியே."

"நான் சொன்னதை அப்படியே எழுது. பெருவிரலை வைக்கிறேன்."

"வேலை போயிடும்க்கா."

"எழுதுடா."

ஆபீசர் கூப்பிட்டு எதுக்கு ஒளிச்சேன்னு கேட்டார். "கொழுப்பு"ன்னா. மகனைப் பத்தி மூச்சு விடல.

தாள் ரெண்டு மணிக்கே வந்ததாப் பதிஞ்சாங்க. பொண்ணுக்கு நேரம் கிடைச்சுது. இவளுக்கு வேலை போகல. வயசைப் பாத்து, பழைய விடைத்தாளைப் போட்டு வைக்கிற கிடங்குக்கு மாத்திட்டாங்க. சாவிக்கொத்தை வாங்கிக்கிட்டாங்க. ஹாலுப் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு உத்தரவு.

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. கடைசியா ஒரு தடவை பெருக்கிட்டு வர்றேன்னு கேட்டுப் பாத்தா. கெஞ்சிப் பழக்கமில்லாத வாய், கெஞ்சுச்சு. புது ஆள் பெருக்கியாச்சுன்னுட்டாங்க.

இப்ப நாள் பூரா காகிதக் கட்டுக்கு நடுவுல நடக்குறா. ஒரு மேஜையும் நாற்காலியும் கேட்டு வாங்கி ஜன்னலோரமாப் போட்டிருக்கா. எலி ஓடுது, காத்து அடிக்குது. யாரும் வந்து உக்காரல. இங்க மாத்திட்டாங்கன்னு அவனுக்கு யாரு போய்ச் சொல்லுவா?