கிளடிஸ் பிடித்த நோன்பு

பாசையூரிலிருந்து கடல்கடந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் குடியேறியபோது, பதினாலாம் மாடியில் கிளடிஸுக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு தமிழ்க் குடும்பம்கூட இல்லை. பக்கத்து வீட்டில் பாகிஸ்தான்காரி நுஸ்ரத், எதிர்வீட்டில் சோமாலியாவிலிருந்து வந்த ஹாவா. கணவன் கஸ்பர் விடியமுன்னமே பக்கத்து நகரமான மிசிசாகாவுக்கு வேலைக்குப் போய்விடுவான். லிஃப்டில் அந்தப் பெண்களைக் கண்டால் கிளடிஸ் ஒரு சிரிப்போடு நிறுத்திக்கொள்வாள்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு அவர்களுடைய ரமழான் நோன்பும் இவளுடைய கத்தோலிக்கத் தபசுகாலமும் சேர்ந்து வந்தன. ஒரு வெள்ளி பின்நேரம் நுஸ்ரத் கதவைத் தட்டினாள். கையில் சூடு பறக்கும் இறைச்சிச் சமோசா. தபசுகால வெள்ளியில் கிளடிஸ் இறைச்சியைத் தொடமாட்டாள். வாங்காவிட்டால் மனம் நோகுமே என்று, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினாள்.

"சொறி. ருடே நோ மீற். ஐ ஆம் ஃபாஸ்ரிங்."

நுஸ்ரத்தின் முகம் மலர்ந்தது. "யூ ஆல்சோ?" என்றவள், கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டாள். அங்கே தரையில் துணி விரித்து, ஹாவாவும் வேறு சில பெண்களும் பொழுதுபடக் காத்திருந்தார்கள். தங்களைப்போல இவளும் ஒரு நோன்புக்காரி என்று கிளடிஸை நடுவில் இருத்தினார்கள். நேரம் வந்ததும் முதல் பேரீச்சம்பழத்தை அவளுக்கே நீட்டினாள் ஹாவா.

கிளடிஸுக்குக் கை நீளவில்லை. மத்தியானம் புட்டும் மீன்குழம்பும் வயிறு முட்டத் தின்றவள் அவள்.

"நோ, நோ. ஐ ஈற் லஞ்ச். ஃபிஷ். பிக் பிளேற்!" கையை விரித்துத் தட்டின் அகலத்தையும் காட்டினாள்.

ஹாவா வெடித்துச் சிரித்தாள். நுஸ்ரத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். பழத்தை ஹாவாவிடம் வாங்கி அவளே கிளடிஸின் வாயில் வைத்தாள்.

அடுத்த வெள்ளி கிளடிஸ் உண்மையாகவே நோன்பு பிடித்தாள். முதல்நாள் அதைச் சொன்னபோது கஸ்பர் திகைத்தான்.

"உமக்கென்ன விசரே? தண்ணியும் குடியாமலோ?"

"ஓம், தண்ணியும் இல்லை. அவையளுக்கு முன்னாலை இன்னொருக்கா வெக்கப்படேலாது."

நோன்பு திறக்க நுஸ்ரத் வீட்டுக்குக் கொண்டுபோவதற்காகப் பகல் முழுக்க மீன் கட்லற் உருட்டினாள். உப்புப் பார்க்க வழியில்லை. பொரிக்கும் வாசம் எழும்ப வயிறு கத்தியது. தாங்கமாட்டாமல் நுஸ்ரத்திடம் போய் நேரம் கேட்டாள். இன்னும் எவ்வளவோ கிடந்தது. நுஸ்ரத் அவளைப் பக்கத்தில் இருத்தி, பிள்ளைகளின் குழப்படிகளைக் கைபாஷையிலேயே சொல்லிச் சொல்லிப் பொழுதைப் போக்கினாள். அன்று குடித்த முதல் மிடறு தண்ணீர் தேனாக இறங்கியது கிளடிஸுக்கு.

வேலையால் வந்த கஸ்பர் வீடு பூட்டிக் கிடக்கக் கண்டு, சிரிப்புச் சத்தம் வந்த நுஸ்ரத்தின் கதவைத் தட்டினான். கிளடிஸ் எட்டிப் பார்த்து, சோறு நிறைந்த கோப்பையொன்றை நீட்டினாள்.

"நீர் சொன்ன கட்லற் எங்கையப்பா?" என்றான் கஸ்பர்.

"உப்புக் கூடிப்போச்சு. எண்டாலும் ஒண்டும் மிஞ்சேல்லை," என்றாள் பெருமையாக.