கொடைக்கானல் பக்கம் திரும்பிய ஆண்டெனா

எங்கள் ஊர் கணபதியில் எந்த மொட்டை மாடியில் என்னை நிறுத்திக் கேட்டாலும், கொடைக்கானல் எந்தப் பக்கம் என்று சட்டென்று கை காட்டிவிடுவேன். பூகோளம் படித்து வந்த அறிவில்லை. நான் நாலாம் வகுப்புப் படித்த காலத்தில் எங்கள் தெருவின் ஆண்டெனாக்கள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நின்றன. கொடைக்கானல் மலை உச்சியில் இருந்த டவரிலிருந்துதான் எங்களுக்குப் படம் வந்தது. அத்தனை தூரம் வந்து சேர்ந்த களைப்பு படத்தில் நன்றாகவே தெரியும். செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு இருக்கும். அவர் முகம் முழுக்க ஈ மொய்த்தது போல் புள்ளி ஆடும். டிவி என்றால் இப்படித்தான் என்று நாங்களும் ஒத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குப் புதிதாகச் செப்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. பேச்சு குறைவு. ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவருக்கு ஒரே ஒரு தங்கை. விவசாயக் கல்லூரியில் படித்தவர். கூடப் படித்த ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு பொள்ளாச்சிக்குப் போய்விட்டார். அன்று அப்பா, "இனி அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று சொன்னாராம். எனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அத்தை என்றால் என் தலையை வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னிவிடும் இரண்டு கைகள் என்பதுதான் எனக்கு ஞாபகம். அதன் பிறகு எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அப்பா இருக்கும்போது திறந்ததில்லை என்று திருத்திச் சொல்ல வேண்டும்.

அப்பா இல்லாதபோது பேசுவதற்கு மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. பம்புசெட் உதிரிப் பாகங்களுக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவர். வாரம் தவறாமல் பொள்ளாச்சிக்கும் போவார். வரும்போது அம்மாவும் அவரும் அடுப்படியில் நின்று குசுகுசுவென்று பேசுவார்கள். நான் போனால் பேச்சு உடனே தக்காளி விலைக்கு மாறிவிடும்.

அப்படி ஒரு நாள் வந்தவர், கையோடு ஒரு டிவி பூஸ்டரும் கொண்டுவந்தார். சோப்பு டப்பா அளவுக்கு இருந்தது. இதை மாட்டினால் படம் கண்ணாடி மாதிரி வரும் என்று சொல்லி, டிவிக்குப் பின்னால் அதை வைத்து ஒயரைச் சொருகினார். வீட்டில் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை என்னுடையது. எனக்குத்தான் கண் கூர்மை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். பூஸ்டரோ, படம் எது, புள்ளி எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்தே பெரிதாக்கிவிட்டது. ஈ இருந்த இடத்தில் கரப்பான் வந்து உட்கார்ந்தது.

"முன்னயே பரவாயில்லைங்க மாமா" என்றேன்.

மறுநாள் காலை அப்பாவுக்கு இட்லி வைத்துக்கொண்டே அம்மா என்னிடம் பேசினாள். என்னிடம்தான். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

"கண்ணு, வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்ர அத்தை டிவில வர்றாளாமா. தென்ன மரத்துல விழற வண்டப் பத்திப் பேசறாளாம். உழவருங்களுக்குப் போடற நிகழ்ச்சில."

நான் வாயில் வைத்த இட்லியை விழுங்க மறந்தேன். எங்கள் தெருவில் இதுவரை யாருடைய அத்தையும் டிவியில் வந்ததில்லை. அப்பா எதையும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டார், கை கழுவினார். பட்டறைக்குக் கிளம்பினவர் டிவிக்குப் பின்னால் குனிந்து பார்த்தார்.

"இத எவன் இங்க வெச்சது?"

"தம்பிதானுங்க" என்றாள் அம்மா.

"அங்கிருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள பாதி சிக்னல் ஒயர்லயே செத்துப்போகுது. செத்ததுக்கப்புறம் பூஸ்டர் வெச்சு என்ன புண்ணியம்? உசுரோட இருக்கறப்பவே புடிக்கோணும். மேல, ஆண்டெனாகிட்டயே வெக்கோணும்."

அன்று பட்டறை திறக்கவில்லை. மாடியில் அப்பா ஆண்டெனாவைக் கழற்றிப் போட்டார். துருப்பிடித்த இடங்களையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பழைய பட்டை ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டு, உருண்டை கேபிள் வாங்கிவந்து இழுத்தார். கம்பத்துக்கு இன்னொரு துண்டுக் குழாய் வைத்து உயரம் ஏற்றினார். பூஸ்டரை ஆண்டெனாவுக்குக் கீழேயே கட்டி, மழைத் தண்ணீர் இறங்காமல் அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொப்பியாகக் கவிழ்த்தார். அதற்குக் கரண்டு கொடுக்கும் சின்னப் பெட்டி மட்டும் கீழே டிவி பக்கத்தில் இருந்தது. மாமா வந்து பார்த்து அசந்துபோனார்.

"என்னுங்க மச்சான், இத்தன வேல?"

"செய்தி ஒழுங்காத் தெரியறதில்ல" என்றார் அப்பா. அப்பா செய்தி பார்த்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா மேலே நின்று ஆண்டெனாவை அங்குலம் அங்குலமாகத் திருப்ப, நான் டிவி முன்னால் உட்கார்ந்து சொல்ல, அம்மா வாசலில் நின்று அதை மேலே கத்த, ஒரு இடத்தில் படம் நின்றது. செய்தி வாசிப்பவருக்கு ஒற்றை மூக்கு. அவர் சட்டையில் கோடு இருந்தது கூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ராத்திரி படுக்கும்போது எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அன்று மத்தியானம் தெருவில் காய்ந்த துணிகளையெல்லாம் கொண்டுபோனது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்த கொஞ்ச நேரத்தில் மாடியில் ஏதோ மடாரென்றது. ஓடிப் போய்ப் பார்த்தால், கம்பத்தைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்பு பிய்ந்து தொங்கியது. கம்பம் சாயவில்லை, ஆனால் அச்சு மாதிரி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. கீழே டிவியில் ஒரே புள்ளி.

அம்மா பக்கத்துக் கடையிலிருந்து பட்டறைக்குப் போன் பண்ணினாள். என்ன சொன்னாளோ தெரியாது. அப்பா வந்தபோது நிகழ்ச்சிக்குக் கால் மணி நேரம்கூட இல்லை. காற்று அதற்குள் சுத்தமாக அடங்கிவிட்டது. அப்பா மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "மரை போயிருச்சு. இப்ப ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

"அப்படின்னா உட்டுடலாங்க" என்றாள் அம்மா, நிதானமாக. "வண்டப் பத்தித்தானே."

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி மேலே போனார். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது. "பாத்துச் சொல்லச் சொல்லு!"

படம் வந்தது. போனது. மறுபடி வந்து நின்றது. அப்பா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார் என்று அம்மா சொன்னாள். அவர் ஒருத்தர் மட்டும் பார்க்க முடியாதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த மாமாவைப் பிடிக்கச் சொல்லலாம் என்றேன். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு உயரம்னா தல சுத்தும் கண்ணு" என்றார். மாமா தென்னை மரம் ஏறுவார் என்பது எனக்குத் தெரியும்.

திரையில் ஒரு தோப்பு. அப்புறம் அத்தை. உள்ளங்கையில் ஒரு கொம்பு வைத்த வண்டைத் தூக்கிக் காட்டி, அது குருத்தை எப்படித் துளைக்கிறது என்று தயங்காமல் விளக்கினார். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து குருத்து மட்டை இடுக்கில் போடச் சொன்னார். வாத்தியாரம்மா மாதிரி அவ்வளவு கெட்டியான பேச்சு.

"தெரியுதா?" என்று மேலிருந்து கேட்டது.

"தெரியுதுங்க!" என்று அம்மா வாசலில் நின்று கத்தினாள். "கண்ணாடி போட்டிருக்கறா! கட்டம் போட்ட சீல! கொஞ்சம் இளச்சிருக்கறா!"

"படம் தெரியுதான்னுதானே கேட்டேன்."

படம் பாறை மாதிரி நின்றது. நடுங்காத கை அப்பாவுக்கு. தலைமுடி அளவு செப்புக் கம்பியைச் சுற்றிப் பழகிய கை.

"கண்ணாடி எதுக்கு?" என்று மேலிருந்து மறுபடி கேட்டது.

அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். மாமா லேசாகத் தலையை ஆட்டினார். அம்மா மாடிப்படியில் இரண்டு படி ஏறிப் போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏனுங்க! அம்மணி மாசமா இருக்கறாளாட்டத் தெரியுதுங்க!"

நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்தது அத்தையின் முகமும், கையும், கையில் வண்டும். அவ்வளவுதான். வாசலுக்கு அந்தப் பக்கம், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அம்மாவுக்கு மட்டும் எப்படி மற்றது தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டேன். வீட்டில் எனக்குத்தான் கண் கூர்மை என்ற நம்பிக்கை அன்றோடு போனது.

அதே நிமிடம் படமும் போனது. திரை முழுக்கப் புள்ளி. இரைச்சல். "போச்சு, போச்சு!" என்று நான் கத்தினேன். அம்மா ஒன்றும் கத்தவில்லை. படியிலேயே நின்றாள். வெகுநேரம் கழித்துப் படம் திரும்பி வந்தபோது அத்தை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த தை மாதம் அத்தை கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்ததும், அப்பா போய்ப் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து கூட்டி வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அன்று அப்பா இறங்கி வந்தபோது எனக்குக் கோபம்தான் இருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் துரு அப்பியிருக்க, தொட்டியில் முகத்தைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கடைசில போய் உட்டுட்டீங்களேப்பா" என்றேன்.

"காத்து கண்ணு" என்றார், துண்டில் முகத்தை அழுத்திக்கொண்டே.

நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். எதிர்வீட்டு முருங்கையில் ஒரு இலைகூட ஆடவில்லை. கீழே இல்லாத காற்று மாடியில் மட்டும் அடிக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை வகுப்பில் டீச்சரிடமும் அப்படியே சொன்னேன்.