மணி அடித்தால் எழுந்திருக்காதே

செல்வி கோபக்காரி என்பது சரோஜினி நகரில் அவள் குடியிருக்கிற மாடிக் கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு போனில் பேசுகிறவனை அவள் ஹிந்தியில் திட்டினால் ஏழு மாடிக்கும் கேட்கும். அவள் வேலை பார்க்கிற ஆபீஸ் கேண்டீனில், தோசை ஏன் லேட் என்று கேட்ட ஒரு பெரிய அதிகாரியிடம் கரண்டியை நீட்டி, "நீங்க வந்து ஊத்துங்க சாப்" என்றவள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு வீட்டில் மட்டும் கோபம் வந்ததே கிடையாது. அது ஜனக்புரியில் இருக்கிற விசாலாக்ஷி மாமி வீடு.

காரணம் இல்லாமல் இல்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால், விருத்தாசலம் பக்கத்திலிருந்து புருஷன் கலியனோடு டில்லிக்கு வந்து இறங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கலியனுக்கு ஆபீஸில் தினக்கூலி வேலை. அந்த ஆபீஸில் அதிகாரியாக இருந்தவர் மாமியின் கணவர் ராஜாராமன். கோல் மார்க்கெட் பக்கம் அவருக்கு ஒதுக்கியிருந்த அரசு வீட்டின் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. டில்லியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த அறையில் இருக்கிறவர்கள் வாடகை தர வேண்டாம். பெரிய வீட்டு வேலையைப் பார்க்க வேண்டும், சம்பளம் கிடையாது. கலியனும் செல்வியும் அதில் ஒன்பது வருடம் இருந்தார்கள். மகள் மதுமதி பிறந்ததும் அங்கேதான். பிறகு கலியனுக்கு வேலை நிரந்தரமாகி, சொந்தப் பெயரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து வெளியே வந்த பின்னும், தலைக்கு மேல் கூரை கொடுத்தவர் என்று மாமியைச் செல்வி கும்பிடாத நாளில்லை.

அதனால்தான் மதுமதிக்கு ஆஸ்திரேலியா விசா வந்தபோது செல்வி நேராக மாமியிடம் ஓடினாள். ஒரு வருட விசா. வேலையும் பார்க்கலாம், ஊரும் சுற்றலாம். குலுக்கலில் பெயர் வந்தால்தான் கிடைக்கும், மதுவுக்கு வந்துவிட்டது. ஹோட்டல் ரிசப்ஷனில் இரண்டு வருடம் நின்று சேர்த்த பணத்தில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். மெல்பர்னில் ஒரு ஹாஸ்டலில் எட்டுப் பெண்கள் தங்குகிற அறையில் ஒரு கட்டிலும் புக் செய்திருந்தாள்.

"எட்டுப் பேரா? யாரு எவருன்னு தெரியாத எட்டுப் பேரோட படுக்கப் போறியா?" என்று செல்வி குதித்தாள். "மாமி பொண்ணு ஜ்யோத்ஸ்னா அந்த ஊர்லதான இருக்கு? அங்க தங்கு. இல்லன்னா போவாத."

"அம்மா, அவங்களை நான் பாத்தே பதினைஞ்சு வருஷம் ஆச்சு. ப்ளீஸ்மா."

"நம்ம மனுசங்கடி."

ஹாஸ்டல் கட்டில் ரத்தானது. அதோடு விட்டாளா? விமான நிலையத்தில் பெட்டித் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தி, தன் தலையில் மகள் கையை வைத்து, "நான் சொல்லாம அந்த வீட்டை விட்டு வெளிய போகமாட்டேன்னு சொல்லு" என்று சத்தியமும் வாங்கினாள். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். "க்யா டிராமா ஹை, அம்மா" என்றாலும் மது சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். அதுதான் வினையாகப் போயிற்று.

முதல் வாரம் கடலும் டிராமும் போட்டோவாக வந்தன. இரண்டாவது வாரத்திலிருந்து போனில் ஒரு குழந்தையின் அழுகைதான் கேட்டது. ஜ்யோத்ஸ்னாவின் நாலு வயது மகள் அனன்யா. அவளை எழுப்புவது, ஊட்டுவது, ஸ்கூலில் விடுவது, கூட்டி வருவது, பாத்திரம், துணி எல்லாம் மது. வேலை தேடிப் போக நேரமில்லை. ஒரு காபிக்கடையில் சோதனைக்கு வரச் சொன்ன அன்று காலையில் ஜ்யோத்ஸ்னாவுக்கு மீட்டிங். போக முடியவில்லை. இன்னொரு கடையிலும் அதே கதை.

"சும்மா தங்குறல்ல? கொஞ்சம் ஒத்தாசையா இருந்தா கொறஞ்சா போயிடுவ?" என்று செல்வி மகளைத்தான் அதட்டினாள். "ஒம்பது வருஷம் நான் பாக்கலியா?"

"நீ பாத்த. நான் அதுக்கா வந்தேன்?"

"வாய் ரொம்ப நீளுது ஒனக்கு."

இப்படியே ஆறு வாரம் போனது. அது பிப்ரவரி மாதம், சனிக்கிழமை. செல்வி வீட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியில் தட்டை வைத்துப் பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மது வீடியோவில் வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"கடைசியா ஒரு கடையில வேலை கிடைச்சிருக்கு அம்மா. திங்கட்கிழமை காலைல ஆறரைக்கு வரணும். நாளைக்குள்ள ஆமாவா இல்லையான்னு சொல்லணும். அக்கா முடியாதுங்கறாங்க. 'நீ போனா உன் அம்மா எங்கம்மா மூஞ்சில எப்படி முழிப்பா'ன்னு கேக்கறாங்க. நீ சொல்லு, நான் வெளிய போறேன். நீ சொன்னாதான் போவேன்."

"அவசரப்படாத. இரு…"

"இரு இருன்னா எங்க இருக்கறது? பாரு." மது போனைத் திருப்பினாள். இதுவரை அவள் காட்டாத அறை. கார் நிறுத்துகிற கொட்டகை. ஒரு பக்கம் புல் வெட்டும் மெஷின், அட்டைப் பெட்டிகள். நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் மடக்குக் கட்டில். சுவரில் வெள்ளையாக ஒரு சின்ன டப்பா.

"அது என்னாடி?"

பதிலை அந்த டப்பாவே சொன்னது. மணி. குட்டையாக ஒன்று, குட்டையாக இன்னொன்று, பிறகு நீளமாக ஒன்று.

மெல்பர்னில் மது சட்டென்று எழுந்தாள். டில்லியில் செல்வியும் எழுந்தாள்.

மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து பட்டாணி அறை முழுக்க ஓடியது. எழுந்து இரண்டு எட்டு வைத்த பிறகுதான் அவளுக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்பதே உறைத்தது. இருபது வருடத்துக்கு முன் கேட்ட மணி அது. கோல் மார்க்கெட் வீட்டுச் சமையலறையிலிருந்து பின்னறைக்கு ஒயர் இழுத்து ஒரு மணி வைத்திருந்தார்கள். பத்து வயது ஜ்யோத்ஸ்னா அதை இப்படித்தான் அடிப்பாள். இரண்டு குட்டை, ஒரு நீளம். சில நாள் வேலையே இருக்காது. செல்வி மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துச் சிரிப்பதற்காக அடிப்பாள். குழந்தை விளையாடுகிறது என்று செல்வியும் சிரித்திருக்கிறாள்.

இப்போது காது மடல் சிவந்து கொதித்தது. இருந்தும் அந்தப் பிடிவாதக்காரி மகளிடம் 'போ' என்று சொல்லவில்லை. "நாளைக்கு நான் மாமிகிட்டப் பேசறேன். மாமி ஒரு வார்த்தை சொன்னா சரியாப் போயிடும்" என்றாள். மது போனை வைத்துவிட்டாள்.

ராத்திரி சாப்பிடும்போது கலியன் வாய் தவறி, "அவங்க உப்பைத் தின்னவங்க நாம, பாத்துப் பேசு" என்று சொல்லிவிட்டான்.

"உப்பா? அந்த வீட்டுல எனக்குக் குடுத்தது முந்தா நாள் சாம்பாரு. தின்னுட்டுப் படுங்க" என்றாள் செல்வி. அவன் பட்டாணிப் பொரியலைக் குனிந்தபடியே தின்று முடித்தான்.

ஞாயிறு காலை மெட்ரோ பிடித்து, ராஜோரி கார்டனில் மாறி, ஜனக்புரி போய்ச் சேர்ந்தாள். ராஜாராமன் சார் காலமாகி மூன்று வருடம் ஆகிறது, மாமி மட்டும்தான்.

"வாடீ செல்வி! இப்பதான் நெனச்சுண்டேன். ஆயுசு நூறு" என்று மாமி வரவேற்றார். சோபா காலியாகத்தான் இருந்தது. செல்வி வழக்கம்போல் கதவோரத்தில் இருந்த பிரம்பு மோடாவில் உட்கார்ந்தாள்.

"மாமி, மதுவுக்கு ஒரு வேலை கெடைச்சிருக்கு. நாளைலருந்து. ஜ்யோத்ஸ்னா பாப்பா விடமாட்டேங்குதாம். நீங்க ஒரு வார்த்தை…"

"ஜ்யோத்ஸ்னா எல்லாம் சொன்னா. அவளும் பாவம்டி, தனியாத் திண்டாடறா. அங்க கொழந்தையப் பாத்துக்க ஆள் கெடைக்கறதே குதிரைக் கொம்பு. மது நம்மாத்துப் பொண்ணு மாதிரி இருக்காளேன்னு நிம்மதியா இருந்தா. அதுக்குள்ள அவளுக்கு ரெக்கை மொளைச்சுடுத்து."

"நம்ம வீட்டுப் பொண்ணுன்னா கார் கொட்டாயில ஏன் மாமி?"

மாமி சிரித்துவிட்டார். "கொட்டாயா? ஹீட்டர் இருக்கு, கார்ப்பெட் இருக்கு! நீங்க இருந்த ரூம்ல என்ன இருந்தது? ஃபேன்கூட உன் ஆம்படையான்தானே வாங்கி மாட்டினான்? ஒரு நாள் குறை சொல்லியிருப்பியா நீ? பிரசவமாகி எட்டாம் நாள் மணி அடிச்சதும் எழுந்து வந்து பாத்திரம் தேச்சியே. நீ தங்கம்டி. உன் பொண்ணுக்குத்தான் கொஞ்சம் வாய்."

எட்டாம் நாள். அதைச் செல்வியே எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! எட்டாம் நாளே எழுந்து வேலை பார்த்தேனாக்கும் என்று கேண்டீன் பெண்களிடம் மார் தட்டியிருக்கிறாள். அதே சொல் மாமி வாயிலிருந்து வந்தபோது உள்ளங்கால் வரை எரிந்தது. எட்டு நாள் பிள்ளையைத் தரையில் போட்டுவிட்டு ஓடியிருக்கிறோம். மணி அடித்தவர்கள் அதைப் பாராட்டுகிறார்கள். நாம் பல்லைக் காட்டியிருக்கிறோம்.

"எட்டு நாள் ஆனவள ஏன் மாமி கூப்ட்டீங்க?"

"என்னடி இது? இத்தனை வருஷம் கழிச்சு கோர்ட்டா நடத்தற? ஒன்பது வருஷம் உங்களுக்கு வீடு குடுத்தேன். அது மறந்துபோச்சா?"

"வீடு கவர்மெண்ட் குடுத்தது மாமி. சார் பேருக்குக் குடுத்தது. நீங்க எனக்குக் குடுத்தது பெல்லு."

மாமியின் முகம் மாறியது. "யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு."

செல்வி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மாமிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மது, பெட்டியக் கட்டு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நான் சொல்றேன், வெளிய போ. அந்தக் கடைக்கு ஆமான்னு சொல்லு. ஒடனே சொல்லு."

அந்தப் பக்கம் மணி அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம். அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்படி என்ன அவசரமோ. போனில் கட்டில் கிரீச்சிட்டது, மது எழுந்திருக்கிறாள்.

"உக்காருடி!" செல்வி கத்திய கத்தலில் மாமி வீட்டு ஜன்னலில் இருந்த புறா பறந்தது. "மணி அடிச்சா எழுந்திருக்காத! அடிக்கட்டும். கை வலிக்கற வரைக்கும் அடிக்கட்டும்."

மறுபடியும் அடித்தது. மறுபடியும். ஜனக்புரியில் மூன்று முறையும் தெளிவாகக் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இனிமே இந்தப் படி ஏறாதே" என்றார் மாமி.

"ஏற மாட்டேன். போன மாசம் அதிரசம் கொண்டாந்த என் எவர்சில்வர் டப்பா இங்க இருக்கு. அதக் குடுங்க."

"எடுத்துண்டு போயேன், உள்ளதான் இருக்கு."

"நீங்க எடுத்துக் குடுங்க." செல்வி மோடாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு விசாலாக்ஷி மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய், டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மூடி மாறியிருந்தது. செல்வி அதையும் மாற்றி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள்.

சாயங்காலம் மது போன் செய்தாள். முன்பு ரத்து செய்த அதே ஹாஸ்டலில் கட்டில் கிடைத்துவிட்டது. பின்னால் பெண்கள் ஏதேதோ பாஷையில் சிரிப்பது கேட்டது.

செல்வி நன்றியை எதிர்பார்த்தாளோ என்னவோ, மது விடவில்லை. "சே ஹஃப்தே, அம்மா. ஆறு வாரம். ஒரு வருஷத்துல ஆறு வாரத்தை நீ தின்னுட்ட. முதல் நாளே நான் சொன்னேன். நீ கேக்கல."

"கேக்கலதான்."

"சாரி சொல்ல மாட்டியா?"

செல்விக்குத் திரும்பக் கோபம் வந்தது. யார் மேல் என்று பார்த்தால், சுற்றிச் சுற்றி அது தன் மேலேயே வந்து நின்றது. அதை மகளிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?" என்று கேட்டாள்.

"மேல."

"ஓரமாப் படுக்காத. காலைல எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்?"

"அஞ்சு."

"அலாரம் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன் அம்மா. நானே வச்சேன்."

"அந்த மணிக்கு எழுந்திரு" என்று சொல்லிவிட்டுச் செல்வி போனை வைத்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பட்டாணி இன்னும் கிடந்தது. "வீட்ட ஒழுங்காப் பெருக்கக்கூட ஒரு ஆளுக்குத் தெரியாது" என்று கலியனைத் திட்டிக்கொண்டே அதைக் குனிந்து எடுத்தாள்.