பின் ஜன்னலில் கட்டிய போன்

ஓவேலிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பக்கத்துப் பிள்ளைக்காம்பராவின் பின்கதவை ஒரு ஞாயிற்றுக்கிழமை யானை உடைத்துவிட்டது. லீவு நாள் என்பதால் உள்ளே யாரும் இல்லை.

மறுநாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கமலா என்னிடம் வந்தார். "அண்ணே, பின்னால சதுப்புல யானை நின்னாலும் எனக்குத் தெரியாது. பதினோரு புள்ளைங்க. ஏதாச்சும் செய்ங்க."

மேனேஜரிடம் கேமரா கேட்டேன். "இப்பத்திக்கு சேங்ஷன் கிடைக்காதுங்க," என்றார்.

என்னிடம் ஸ்கிரீன் விரிசல் விட்ட பழைய போன் ஒன்று கிடந்தது. சிக்னல் பிடிக்காது; கேமராவும் வைஃபையும் மட்டும் நன்றாக இருந்தன. சிம்மைக் கழற்றினேன். ரீசெட் போட்டு எல்லாவற்றையும் அழித்தேன். ஏரோபிளேன் மோடில் வைத்து வைஃபையை மட்டும் ஆன் செய்தேன். கேமரா ஆப் ஒன்றை ஏற்றி, சதுப்பைப் பார்த்தபடி பின் ஜன்னலில் கட்டினேன். படம் ஃபேக்டரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்தது.

பத்தே நிமிடத்தில் நின்றும் போனது. கிளார்க் சிரித்தார். "ஏனுங்க, செத்த போனுக்கு எதுக்குங்க வைத்தியம்?"

"உள்ள குழந்தைங்க இருக்காங்க சார். விடமாட்டேன்," என்றேன்.

பேட்டரி சேவர்தான் ஆப்பை நிறுத்தியிருந்தது. அதை ஆஃப் செய்தேன். அடுத்து வைஃபை விட்டுவிட்டு வந்தது. ரவுட்டரை ஆபீஸ் ஜன்னலுக்கு மாற்றினேன். ஓயாமல் சார்ஜில் இருந்ததில் பேட்டரி உப்பியது. புதிதாக ஒன்று போட்டு, சார்ஜருக்கு டைமர் வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், ஃபியூஸ் பார்க்க ஆபீசுக்குள் போனேன். ஸ்கிரீனில் சதுப்போர மூங்கில் அசைந்தது. அப்புறம் யானையின் நெற்றி தெரிந்தது. ஓடிப்போய் ஃபேக்டரி சங்கை மூன்று தடவை விட்டுவிட்டு ஊதினேன். கமலாவிடம் சொல்லிவைத்திருந்த அடையாளம் அது.

முன்வாசல் வழியாகப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு, சின்னதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கமலா ஃபேக்டரிக்குள் வந்து சேர்ந்தார். "பதினொண்ணும் வந்துருச்சுண்ணே," என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதற்குள் யானை பின் ஜன்னலைச் சட்டத்தோடு பிடுங்கியிருந்தது. போனும் போயிற்று.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். கிளார்க் சாப்பிடப் போயிருந்தார். அந்த நேரத்தில் நான் ஆபீசுக்குள் நுழைந்தது தற்செயல். போனைக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். படத்தை யார் பார்ப்பது என்று யோசிக்கவே இல்லை.

ஜன்னலைச் சரிசெய்ததும் இன்னொரு பழைய போனைத் தேடிப் பிடித்தேன். அதைக் கட்டுவதற்கு முன்பு, எந்த மணிக்கு யார் ஸ்கிரீன் முன்னால் உட்காருவது என்று பெயர் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.