தம்பிக்கு வாசிக்காமல் விட்ட வரி

மூன்று ஆண்டுகளுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், மொன்றியல் நகரின் வில்லரே பகுதியில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இது நடந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் எவரும் அதை ஒரு சம்பவம் என்றே சொல்லியிருக்கமாட்டார். நான் ஒரு படிவத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவ்வளவுதான்.

என் தொழில் இன்னதென்று சொன்னால்தான் அந்த வரியின் கனம் விளங்கும். மருத்துவமனைகளில் தமிழருக்கும் மருத்துவருக்கும் இடையே உட்கார்ந்து, பிரெஞ்சைத் தமிழாகவும் தமிழைப் பிரெஞ்சாகவும் மாற்றிச் சொல்பவள் நான். ஒன்றையும் கூட்டாதே, ஒன்றையும் விடாதே என்பது எங்களுக்குப் பயிற்சியின் முதல் நாளே சொல்லப்பட்ட விதி. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இதயத் துடிப்பு இல்லை என்பதை ஒரு தாய்க்குச் சொல்ல நேர்ந்த நாளிலும் அந்த விதியிலிருந்து நான் விலகியதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் கணவருக்கு இளவயதில் வந்த புற்றுநோயைச் சிகிச்சை குணமாக்கியது. பிள்ளை பெறும் வாய்ப்பையும் அதுவே எடுத்துக்கொண்டது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பின்பு, வேறொருவரின் விந்து தானம் ஒன்றே வழி என்று கருத்தரிப்பு நிலையத்தில் சொன்னார்கள். தானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்றையும் தந்தார்கள். அதில் நம்மவர் என்று சொல்ல எவருமில்லை. மூன்று நாட்கள் அதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையின்ரை முகத்தில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இருக்கமாட்டினம், என்ன?" என்று கேட்டார் கணவர். அப்போதுதான் அவருடைய தம்பியின் நினைவு இருவருக்கும் வந்தது. யார் முதலில் சொன்னது என்பது இன்று நினைவில்லை. நினைவில்லை என்பதை நான் முழுவதும் நம்பவுமில்லை.

தம்பி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். போர் முடிந்த காலத்தில் பதினைந்து வயதில் முகாமுக்குள் போனவன். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. இங்கே வந்து நான்கு ஆண்டுகளாக எங்களுடன் இருந்தான். ஒரு பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை. பிரெஞ்சில் 'பொன்ஜூர்', 'மெர்சி' இரண்டும் நன்றாகச் சொல்வான். மன்னாரில், எங்களைப் போலக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் ஒருத்தியை அவனுக்கு நிச்சயித்திருந்தோம். ஆவணியில் கலியாணம்.

கேட்கும் துணிவு அண்ணனுக்கு இல்லை. நான்தான் கேட்டேன், கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

"இதுக்கேன் அண்ணி அழுறியள்? நீங்கள் என்ன கிட்னியோ கேட்டனீங்கள்?" என்றான். மறுநாள் அந்தப் பெண்ணுக்கும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறான். "அவள் வெக்கப்பட்டுச் சிரிக்கிறாள். 'உங்கட அண்ணிக்குத்தானே, குடுங்கோ' எண்டாள்" என்றான். அவனுக்கு மறைக்கத் தெரியாது.

நிலையத்தில் இருந்த பெண், குடும்பத்தவர் மொழிபெயர்க்காமல் இருப்பது நல்லது, வெளியாள் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று பணிவாகச் சொன்னார். நான் என் தொழில் அட்டையை எடுத்துக் காட்டினேன். அவர் அதை நம்பினார். பதினொரு பக்கப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிக்கும்படி தந்தார்.

அந்தச் சனிக்கிழமை, வெளியே பனி அள்ளும் வண்டி தெருவை அதிரவைத்துப் போய்க்கொண்டிருந்தது. தம்பியின் எதிரே தேநீரோடு உட்கார்ந்து, அவனுக்குத் தமிழில் வாசிக்கத் தொடங்கினேன்.

"இந்த நாட்டில இதுக்குக் காசு வாங்கேலாது. சட்டம்" என்றேன்.

"கொத்துரொட்டி எண்டாலும் வாங்கலாமோ?"

"பகிடி விடாமல் கேளும். பிறக்கிற பிள்ளைக்குச் சட்டப்படி நீர் தகப்பன் இல்லை."

"சித்தப்பா?"

"ஓம். சித்தப்பா மட்டும்தான். ஆனா வளர்ந்தாப் பிறகு, தான் ஆரால வந்தனெண்டு கேக்கிற உரிமை பிள்ளைக்கு இருக்கு. அப்ப ஒளிக்கேலாது."

"ஏன் ஒளிக்கோணும்? கேட்டா நானே சொல்லுவன்" என்றான். இரத்தப் பரிசோதனை, தொற்று நோய்ப் பரிசோதனை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், என்ன வருத்தம் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினான். தகப்பனாருக்கு என்ன வருத்தம் இருந்தது என்ற கேள்விக்கு, "ஷெல்" என்றான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பமிட வேண்டும். தன் பெயரின் முதல் எழுத்தைத் தமிழிலேயே, பள்ளிப் பிள்ளையைப் போல அழுத்தி எழுதினான்.

ஒன்பதாம் பக்கத்தின் நடுவில் அந்த வரி இருந்தது. பரிசோதனைகளின் மூலம், தானம் செய்பவர் தம் உடலைப் பற்றி இதுவரை அறியாதவற்றை அறிய நேரலாம். தமக்குப் பிள்ளை பெறும் ஆற்றல் உண்டா என்பதும் அவற்றுள் ஒன்று. அதை அறிய விரும்புகிறாரா என்று கையெழுத்திடுமுன் அவர் சிந்தித்துக்கொள்ளவேண்டும் என்று எழுதியிருந்தது.

நான் நிறுத்தினேன். இதைச் சொன்னால் அவன் யோசிப்பான். ஆவணியில் கலியாணம் வைத்திருப்பவன், "அண்ணி, கலியாணம் முடியட்டும், பேந்து பாப்பம்" என்று சொல்லக்கூடும். எனக்கு நாற்பது வயது முடிய இரண்டு மாதங்களே இருந்தன; அதன் பின் வாய்ப்பு வேகமாகக் குறையும் என்று நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரத்துக்குள் என் மனத்தில் ஓடியது.

"இதில என்ன கிடக்கு?" என்று கேட்டான்.

"இது எல்லாருக்கும் எழுதுறதுதான். அடியில போடும்" என்றேன்.

போட்டான்.

முதல் பரிசோதனைக்குப் பிறகு, இன்னொரு முறை வரும்படி அழைத்தார்கள். மாதிரி எடுத்ததில் ஏதோ பிழை நடந்திருக்கும் என்று அவனுக்குச் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பரிசோதனைக்குப் பின் மருத்துவரைச் சந்திக்கச் சொன்னார்கள். அன்றும் நானே நடுவில் உட்கார்ந்தேன்.

மருத்துவர் நிதானமான பெண்மணி. அவர் சொல்லி முடித்து என் முறை வந்ததும், என் வாய் தொழிலின் பழக்கத்தால் தானாகவே திறந்தது. "உங்கட ரெண்டு பரிசோதனையிலும் விந்தணு ஒண்டுகூட இல்லை" என்றேன்.

அவன் தன் கன்னத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு, முகாமில் தனக்குக் கூகைக்கட்டு என்னும் தாளம்மை வந்ததையும், கன்னம் வீங்கியதோடு நில்லாமல் கீழேயும் வீங்கிப் பத்து நாள் நடக்க முடியாமல் கிடந்ததையும், மருந்து இருக்கவில்லை என்பதையும் சொன்னான். நான்கு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும் நான் அறியாத கதை அது. அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அதுவாக இருக்கலாம், உறுதியாகச் சொல்லமுடியாது, மேலும் சோதிக்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம் என்றார் மருத்துவர். அதைத் தமிழில் சொன்னேன்.

"அண்ணி, ஒண்டு கேளுங்கோ" என்றான். "இப்பிடி ஒண்டு தெரியவரும் எண்டு அந்தக் கடதாசியில இருந்ததோ எண்டு."

கேட்டேன். வேறு எதையாவது கேட்டிருக்கலாம், அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கேள்வியை அவன் கேட்டபடியே கேட்டேன். மருத்துவர் கோப்பைத் திறந்து, ஒன்பதாம் பக்கத்தை எடுத்து, எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். அந்த வரியில் விரலை வைத்துப் பிரெஞ்சில் வாசித்தார். பின்பு விரலைக் கீழே நகர்த்தி, அழுத்தி எழுதியிருந்த அந்தத் தமிழ் எழுத்தைக் காட்டினார்.

நான் அந்த வரியைத் தமிழில் சொன்னேன். இம்முறை ஒரு சொல்லையும் விடவில்லை.

அவன் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு, மருத்துவரிடம் "மெர்சி" என்றான். மெட்ரோவில் அருகருகே உட்கார்ந்து வந்தோம்.

மன்னாரில் இருக்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டாம், முதலில் மேலும் சோதித்துப் பார்க்கலாம் என்று என் கணவர் கெஞ்சினார். "கலியாணத்துக்கு முந்தி மூண்டு ஞாயிறு கோயில்ல பூசையில ஓலை வாசிப்பினம் அண்ணை. தடை ஏதும் தெரிஞ்சா சொல்லுங்கோ எண்டு சாமியார் ஊரைக் கேப்பார். தெரிஞ்ச ஆள் நான்தானே?" என்றான். அன்றே அவளை அழைத்துச் சொன்னான். நான்கு நாட்கள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் அவளுடைய தமையன் என் கணவருடன் கதைத்தார். கோபமே இல்லாத குரல். "தங்கச்சி சின்னப்பிள்ளை அண்ணை. விட்டிடுங்கோ" என்றார்.

தம்பி அந்த மாத முடிவிலேயே நகரின் மறுகோடியில் உள்ள லாசாலில், வேலை செய்யும் இடத்துக்கு அருகே ஓர் அறை எடுத்துப் போய்விட்டான். நாங்கள் பிறகு அந்த நிலையத்துக்குப் போகவில்லை. என் கணவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. தானம் செய்பவர்களின் அந்தப் பட்டியலை எங்கே வைத்தாய் என்றும் கேட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், இறைச்சிக்கறியும் புட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி லாசாலுக்குப் போனேன். கீழ்க்கதவுக்கு இறங்கி வந்தான். மெலிந்திருந்தான். மேலே வாருங்கள் என்று சொல்லவில்லை.

"நான் அண்டைக்கு வாசிச்சிருக்கோணும்" என்றேன். ஆறு மாதங்களாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த எல்லாவற்றிலும் அந்த ஒன்றுதான் வெளியே வந்தது.

"வாசிச்சிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருப்பன், அண்ணி" என்றான். பிறகு சொன்னான்: "ஆனா, அது நான் போட்டதா இருந்திருக்கும்."

"கொஞ்சம் நில்லுங்கோ" என்று பாத்திரங்களை வாங்கிக்கொண்டு மேலே போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். சாப்பாட்டை வேறு பாத்திரத்தில் மாற்றிவிட்டு, என்னுடையவற்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தான். நம்மவர் வீடுகளில் பாத்திரத்தை உடனே வெறுமையாகத் திருப்புவதில்லை. வைத்திருந்து, ஏதாவது போட்டு, கொண்டுவந்து கொடுப்பார்கள். அது மீண்டும் வருவதற்கான ஒரு சாட்டு, ஒரு காரணம். அவன் அந்தச் சாட்டை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டான். ஈரம் முழுவதும் போகாத அந்தப் பாத்திரங்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

தானம் செய்ய எண்ணுபவர்கள் என்னிடம் கேட்டால், சட்டத்தையும் பரிசோதனைகளையும் பிள்ளையின் உரிமையையும் நான் சொல்வேன். அவையெல்லாம் எங்கேயும் கிடைக்கும். அதற்குமேல் ஒன்றுண்டு: கொடுக்கப் போகும் இடத்தில் உங்களைப் பற்றிய ஒரு செய்தி உங்களுக்காகக் காத்திருக்கலாம். அதை வாங்கிக்கொள்ள மனம் இருக்கிறதா என்று நீங்களே யோசியுங்கள். அந்தப் பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை உங்களுக்குப் படிவம் வாசிக்க விடாதீர்கள். அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், உங்களை எவ்வளவு நேசித்தாலும்.

நான் இன்றும் அதே தொழிலைச் செய்கிறேன். எந்தப் படிவத்திலும் அத்தகைய வரி வரும்போது இரண்டு முறை வாசிக்கிறேன். "விளங்கீட்டுது அக்கா, அங்காலை போங்கோ" என்று எதிரில் இருப்பவர் பொறுமையிழக்கிறார். அவருக்கு விளங்கிவிட்டதென்று எனக்கும் தெரியும்; ஆனால் எத்தனை பேருக்கு எத்தனை முறை வாசித்தாலும், அது போய்ச் சேரவேண்டியிருந்த ஒருவனுக்கு இனி உரிய நேரத்தில் போய்ச் சேராது.