ஐசலின் ஸ்டூடியோவின் சிம்மாசனம்

நேற்று வேலை நேரத்தில் (யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்) ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு பழைய போட்டோவில் மலாய் சுல்தான் ஒருவர், மடியில் கிரிஸ் கத்தியோடு, செதுக்கு வேலை செய்த நாற்காலியில். பக்கத்தில் விறைப்பாக நின்றபடி பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது சுல்தானுக்கு ‘ஆலோசனை’ சொல்ல வெள்ளைக்காரர்கள் அமர்த்திய அதிகாரி. அந்தக் காலத்து கேமராக்களின் கண்ணாடித் தகடுகளுக்கு மஞ்சள் என்றாலே ஆகாது, கறுப்பாக்கிவிடும். சுல்தானின் ராஜ மஞ்சள் பட்டு அடுப்புக்கரியாகிவிட, துரையின் வெள்ளை உடுப்பு மட்டும் சோப்பு விளம்பரம் போல மின்னியது. எனக்கோ நாற்காலியைப் பார்த்ததும் மசாலா தோசை வாசனை வந்தது.

அமெரிக்காவில் ஐசலின் என்ற ஊரில், ஒரு தோசைக் கடைக்கு மாடியில்தான் ரவி அங்கிளின் போட்டோ ஸ்டூடியோ. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமைகளில் அங்கே லைட் பிடிக்கப் போவேன். குடும்பப் படத்துக்கென்று அவரிடம் இருந்தது இதே போன்ற செதுக்கு வேலையோடு ஒரே ஒரு சிம்மாசனம்.

ஒருநாள் பிரியா என்ற பெண், தன் குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்துக்காக வந்தாள். கூடவே இரண்டு தாத்தாக்கள்: கோயம்புத்தூர் அப்பா, சென்னை மாமனார். கல்யாணத்தில் தொடங்கிய மனஸ்தாபம் தீராமல், இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்கு மறுநாள் ஊருக்கு ஃப்ளைட்.

“நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, நீங்கதானுங்க உக்காரோணும்” என்றார் அப்பா.

“சேச்சே, கெஸ்ட் நீங்க. உக்காருங்க சம்பந்தி” என்றார் மாமனார்.

மரியாதையை வைத்தே அடித்துக்கொள்வதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது.

“ஒரே ஒரு போட்டோப்பா. இனி எப்ப வருவீங்களோ.” என்று பிரியா கெஞ்சினாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கோ படித்ததை உடனே யார் தலையிலாவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தாத்தாக்கள் பக்கம் திரும்பினேன். “அங்கிள், மலாயாவுல சுல்தான் உக்காருவார், ரெசிடென்ட் பக்கத்துல நிப்பார். ஆனா ஆட்சி பண்றது நிக்கிறவர்தான்!” யாராவது ஒருவர் சந்தோஷமாக நின்றுகொள்வார் என்பது என் கணக்கு.

“அப்ப நான் நின்னுக்கறேனுங்க” என்றார் அப்பா.

“நானும்தான் நிக்கிறேன்” என்றார் மாமனார்.

“உன்ன லைட்ட மட்டும்தானடா புடிக்கச் சொன்னேன்?” என்று ரவி அங்கிள் பல்லைக் கடித்தார்.

பிரியா காலியாக இருந்த சிம்மாசனத்தில் குழந்தையை உட்காரவைத்தாள். பட்டுப்பாவாடை வழுக்க, குட்டி சுல்தானா மெல்லச் சரிந்தாள். “புடிங்க சம்பந்தி!” என்று இரண்டு ரெசிடென்ட்டுகளும் ஒரே நேரத்தில் குனிய, தலையோடு தலை ‘ணங்’கென்று மோதியது. குழந்தை கைகொட்டிச் சிரித்தாள். வேறு வழியில்லாமல் அவர்களும் சிரித்தார்கள். ரவி அங்கிள் கேமரா பட்டனை அழுத்திவிட்டார்.

இன்று அந்த மாடியில் பபிள் டீ விற்கிறார்கள். இப்போதெல்லாம் சம்பந்திகள் வீடியோ காலில்தான் வருகிறார்கள். ஆளுக்கொரு கட்டம், எல்லாம் ஒரே அளவு. யாரும் யாரையும் உட்காரச் சொல்ல வேண்டாம். யார் தலையும் யார் தலையிலும் இடிக்காது.