நாலேகால் அடி அஸ்திவாரம்

திருமுல்லைவாயிலில் மூன்று தெரு, ஆவடியில் ஒரு கல்யாண மண்டபம், பட்டாபிராமில் இரண்டு பள்ளிக்கூடம், நெமிலிச்சேரியில் எண்ணி மாளாத வீடுகள். எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு நின்று, கலவைச் சட்டி தூக்க வந்து, மேஸ்திரி ஆனவன் நான். பிளான் படிக்கத் தெரியாது. ஆனால் காலி மனையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், வீடு கண்ணுக்குத் தெரிந்துவிடும், சமையல்கட்டு ஜன்னலில் வெயில் விழுவது வரைக்கும்.

இது இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருநின்றவூர் ஏரிப் பக்கம் நடந்தது. அங்கே நான் எப்போதோ கட்டிய வீட்டின் சுவரில் விரிசல். அஸ்திவாரம் சரியில்லை என்று வீட்டுக்காரர் என் மேல் வழக்குப் போட்டார். என் வக்கீல் பெரிய ஆள்தான். ஆனால் விரிசல் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். கூட வந்திருந்த என் மகள் அதைப் பார்த்தாள். அவள் சிவில் இஞ்சினியர், நல்ல வேலை. வீட்டுக்கு வந்ததும், மூன்று வருஷம் சட்டம் படிக்கப் போகிறேன் என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கட்டடமா, கோர்ட்டா, ஒண்ணு சொல்லு. ரெண்டையும் கலக்க இது இன்னா சிமெண்டும் மணலுமா?"

"கலந்தாதானப்பா சுவரு நிக்குது" என்றாள்.

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது. அந்த வாரத்துக்குள் சேர வேண்டும். சர்டிபிகேட் எல்லாம் என் பீரோவில், பீரோ சாவி என் இடுப்பில்.

வீட்டைப் பார்த்து அறிக்கை தரக் கோர்ட்டு ஒரு வக்கீலை அனுப்பியது அந்த வாரம்தான். மகளும் லீவு போட்டுவிட்டு என்னோடு ரயிலேறினாள். பனி இறங்கிய காலை. நான் கட்டிய வீடுகள் ஜன்னலில் ஒவ்வொன்றாக மிதந்து போயின. ஏரிப் பக்கம் வந்தபோது தண்ணீர் எது, வானம் எது என்றே தெரியவில்லை.

வந்தது ஒரு பெண். முதலில் இஞ்சினியராக இருந்துவிட்டு வக்கீல் ஆனவளாம். என் மகளைவிட நாலைந்து வயது மூத்திருக்கலாம். செருப்பைக் கழற்றினாள். ஒரு ரூபாய் நாணயத்தால் சுவரைத் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டாள். நாங்கள் செய்வதேதான். விரிசலோடு உள்ளங்கையை மேலே ஓட்டிக்கொண்டே போனாள். மேலே அகலம், கீழே வரவர மயிரிழை. மாடி எப்போது கட்டியது என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். ஆறு வருஷம் முன்னால், வேறு ஆளை வைத்து என்றார் அவர். எழுதிக்கொண்டாள்.

பிறகு சுவரோரம் பள்ளம் தோண்டச் சொல்லி, அஸ்திவாரம் எத்தனை அடி என்று என்னைக் கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "ஆறு அடிம்மா. எவனும் போடாத ஆழம்" என்றேன்.

டேப்போடு அவளே பள்ளத்தில் இறங்கினாள். அடியில் ஏரித் தண்ணீர் கசிந்து மினுங்கிக்கொண்டிருந்தது.

"நாலேகால்."

அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் கனவு கலைந்தாற்போல எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இப்படித்தான் ஊற்று வந்தது. இதற்கு மேல் போக முடியாது என்று மணல் கொட்டி நிரப்பினேன். அப்புறம் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அது ஆறடி ஆகிவிட்டது. நானே நம்பிவிட்டேன்.

அவள் சேற்றுக் காலோடு மேலே வந்ததும் கேட்டேன். "இவ்ளோ தெரிஞ்சிகினு, இஞ்சினியர் வேலய உட்டுட்டு ஏம்மா இந்தக் கறுப்பு கோட்டு?"

"விட்டாத்தானே ஐயா? இப்ப குழியில எறங்கினது யாரு?"

என் மகள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது.

திரும்பும் ரயிலில் இடுப்புச் சாவியை அவிழ்த்து அவள் மடியில் போட்டேன். திருமுல்லைவாயில் வரும்வரை அதை மூடிய கைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அறிக்கையில் நாலேகால் அடியும் இருந்தது. விரிசல் அஸ்திவாரத்தில் அல்ல, புது மாடிச் சுவருக்கு அடியிலிருந்து தொடங்குகிறது என்பதும் இருந்தது. அதன்பின் வீட்டுக்காரரே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மகள் இப்போது சட்டம் படிக்கிறாள். காலையில் புத்தகத்தோடு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தால், இன்னும் கட்டாத வீடு ஒன்று எனக்குக் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பட்டத்தையும் போட்டு அவள் போர்டு மாட்டும் நாளில், கீழே சின்ன எழுத்தில் 'அஸ்திவாரம்: அப்பா' என்று ஒரு வரி இருந்தாக வேண்டும், ஆழத்தை நாலேகால் அடி என்றே எழுதட்டும், அந்த வரியை மட்டும் விட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.